அரங்கத்தை விற்று அரங்கம் கட்டிய கதை

விளையாட்டரங்கத்தைச் சீரமைக்க அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது என்று செய்தி வந்தாலே போதும், இரண்டு குரல்கள் கேட்கத் தொடங்கிவிடும். "பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, புல்லுக்குப் பத்து மில்லியன் வெள்ளியா?" என்பது ஒரு குரல். "நம் பிள்ளைகள் சேற்றிலா விளையாடுவது? வெளிநாட்டுக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்?" என்பது மற்றொரு குரல். தொலைக்காட்சி விவாதமானாலும் காப்பிக்கடை விவாதமானாலும் பேச்சு இந்த இரண்டைத் தாண்டிப் போவது அபூர்வம்.

இரு தரப்பும் பேசுவது ரொக்கத்தைப் பற்றி. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய அரங்கங்களுக்கு உண்மையில் கொடுக்கப்பட்ட விலையில் பெரும்பகுதி நிலம். வரவு செலவுத் திட்டத்தில் புல்லுக்கான செலவு ஒரு வரியாக வந்துவிடும். கைமாறிய நிலம் அப்படி வருவதில்லை. வராததைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை. இந்த வழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள, கோலாலம்பூரின் பெட்டாலிங் குன்றுக்குப் போக வேண்டும்.

பதினோரு மாதத்தில் எழுந்த அரங்கம்

சுதந்திரப் பேச்சுவார்த்தையை முடித்துக்கொண்டு 1956-ல் லண்டனிலிருந்து திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மானுக்கு ஒரு கவலை இருந்தது. சுதந்திரப் பிரகடனத்தை எங்கே வாசிப்பது? அதற்கென்று ஓர் இடம் வேண்டும், அது புதிய நாட்டின் சொந்த இடமாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். பெட்டாலிங் குன்றில் இடம் பார்க்கப்பட்டது. பொதுப்பணித் துறையின் ஸ்டான்லி ஜூக்ஸ் வடிவமைத்தார். ஏறத்தாழ பதினோரு மாதங்களில் அரங்கம் எழுந்து நின்றது. செலவு சுமார் 2.3 மில்லியன் மலாயா வெள்ளி.

இன்றைக்கு 2.3 மில்லியன் வெள்ளிக்குக் கோலாலம்பூரில் ஒரு நல்ல பங்களாதான் கிடைக்கும். அன்றைக்கு அது கனமான தொகை. ஆனாலும் கணக்கு நேரானது. அரசாங்கத் துறையே வடிவமைத்தது, மக்கள் பணத்தில் கட்டியது, கட்டிய அரங்கம் மக்களுக்குச் சொந்தமானது. நான்கு மூலைகளிலும் எழுந்த முன்னழுத்தக் கான்கிரீட் விளக்குக் கோபுரங்கள், அந்த வகையில் உலகிலேயே உயரமானவை என்று அன்று பேசப்பட்டன. 1957 ஆகஸ்ட் 30-ம் தேதி அரங்கம் திறக்கப்பட்டது. மறுநாள் காலை, துங்கு கையை உயர்த்தி ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கினார். அந்தப் படத்தைப் பார்க்காத மலேசியர் இருக்க முடியாது.

அன்று துங்குவின் அமைச்சரவையில் இருந்தவர் ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன். பிரிக்பீல்ட்சின் பிரதான சாலைக்கு இன்று அவர் பெயர்தான். அந்தச் சாலையிலிருந்து மெர்டேக்கா அரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவர்களுக்கு அது பக்கத்து வீட்டுத் திடல் மாதிரி. கிள்ளானிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலும் பேருந்தும் இருந்தன. ஓர் அரங்கம் நகரின் நடுவில் இருப்பது எவ்வளவு பெரிய சலுகை என்பது, அது நகருக்கு வெளியே போன பிறகுதான் தெரிந்தது.

1963 செப்டம்பர் 16-ல் மலேசியா உருவானதும் இதே திடலில்தான் அறிவிக்கப்பட்டது. 1965 தென்கிழக்காசிய தீபகற்பப் போட்டிகளில் எம். ஜெகதீசனும் எம். ராஜாமணியும் ஓடியது இங்கேதான். மறு ஆண்டு நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் இந்த இருவருக்கும் போயின. 1975 மார்ச்சில் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கிண்ண ஹாக்கியைத் தூக்கியது இங்கே. இந்திய ஆண்கள் ஹாக்கி அணி வென்ற ஒரே உலகக் கிண்ணம் அதுதான். அதே ஆண்டு ஜூலை முதல் தேதி, முகமது அலியும் ஜோ பக்னரும் இந்தத் திடலின் நடுவே பதினைந்து சுற்றுகள் மோதினார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நம் வீடுகளில் அதிகம் பேசப்பட்ட நாள் 1980 ஏப்ரல் 6. மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் முடிவான ஆட்டம், தென் கொரியாவுக்கு எதிராக. மலேசியா 2-1 என்று வென்றது; வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். கோல் வாசலில் நின்றவர் கிள்ளான் துறைமுகத்துப் பிள்ளை ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் எட்டாத பந்தையும் எட்டிப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்ததால் அந்த அணி ஒலிம்பிக்கைக் காணவில்லை. ஆறுமுகம் 1988-ல் சாலை விபத்தில் காலமானார். 2016-ல் வந்த 'ஓலா போலா' திரைப்படம் அந்த அணியின் கதையைத் தழுவியதுதான்.

பழையதைக் கொடுத்து புதியது

கூட்டம் பெருகப் பெருக 1970-களிலும் 1980-களிலும் அரங்கத்தில் மேல் தளங்கள் சேர்க்கப்பட்டன. 20,000 பேருக்குக் கட்டிய இடத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் அமர்ந்தார்கள். அதுவும் போதவில்லை. 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்தும் உரிமை கோலாலம்பூருக்குக் கிடைத்தது. ஆசியாவில் அந்தப் போட்டி நடப்பது அதுவே முதல் முறை. புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டு வளாகம் கட்ட முடிவானது.

பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் கணக்கு மாறுகிறது. 1990-கள் தனியார்மயத்தின் காலம். ரெனோங் குழுமத்தைச் சேர்ந்த யுனைடெட் எஞ்சினியர்ஸ் நிறுவனம் வளாகத்தைக் கட்டித் தரும். ஈடாக நகருக்குள் இருக்கும் விலை உயர்ந்த அரசாங்க நிலங்கள் அதற்குப் போகும். அப்படிப் போன நிலங்களில் மெர்டேக்கா அரங்கமும், 1962-ல் திறக்கப்பட்ட அதன் அண்டை வீடான நெகாரா அரங்கமும் இருந்தன.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பார்க்க வேண்டும். நாட்டின் சுதந்திரம் அறிவிக்கப்பட்ட இடமே, புதிய அரங்கத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையின் ஒரு பகுதியாகிவிட்டது. தாலியை அடகு வைத்து வளையல் வாங்கியது போல என்று ஒரு பாட்டி சொன்னால் சிரிப்போம். ஆனால் அன்று பெரிய எதிர்ப்பு எழவில்லை. அரசாங்கம் ஒரு காசு செலவழிக்காமல் உலகத்தரமான வளாகம் வருகிறதே என்றுதான் பலரும் பார்த்தார்கள். அது நல்லெண்ணத்தில் செய்த காரியமாகவே இருக்கலாம். ரொக்கம் கொடுத்திருந்தால் எவ்வளவு என்று நாடாளுமன்றத்தில் கேட்டிருப்பார்கள், வரி கட்டுகிறவனும் கேட்டிருப்பான். நிலமாகக் கொடுத்ததால் யாருக்கும் சுருக்கென்று படவில்லை.

1996 அக்டோபரில் மைக்கல் ஜாக்சன் மெர்டேக்கா அரங்கத்தில் இரண்டு இரவுகள் பாடி ஆடிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அரங்கத்தின் நாட்கள் எண்ணப்பட்டன. இருந்த இடத்தில் வணிக வளாகம் எழும்பும் என்பதுதான் திட்டம். அப்போது வந்து சேர்ந்தது 1997-ன் ஆசிய நிதி நெருக்கடி. ரிங்கிட் சரிந்தது, ரெனோங் கடனில் மூழ்கியது, திட்டம் காகிதத்திலேயே நின்றது. நாட்டையே கலங்கடித்த நெருக்கடிதான் மெர்டேக்கா அரங்கத்தைக் காப்பாற்றியது என்றால் மிகையில்லை.

1998-ல் புக்கிட் ஜாலில் திறக்கப்பட்டது. 87,000-க்கும் மேற்பட்ட இருக்கைகள். அதை நிர்வகித்த அமைப்பின் பெயரோ, நெடுங்காலத்துக்கு மெர்டேக்கா அரங்கக் கழகம். அரங்கம் கைவிட்டுப் போயிருந்தது, பெயர் மட்டும் கூடவே வந்தது!

திரும்பி வந்த திடல்

மெர்டேக்கா நிலம் பின்னர் அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட்டிடம் வந்து சேர்ந்தது. சுருக்கமாக பிஎன்பி. சுதந்திரத்தின் பொன்விழாவை ஒட்டி, 2007-ல் அரங்கம் தேசிய மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அதோடு ஒரு வித்தியாசமான சீரமைப்பும் நடந்தது. பொதுவாகச் சீரமைப்பு என்றால் இருக்கை கூடும், கூரை பெரிதாகும். இங்கே பின்னாளில் ஏற்றிய மேல் தளங்களை இடித்து எடுத்து, 1957-ல் இருந்த உருவத்துக்கும் பழைய 20,000 இருக்கைகளுக்கும் கொண்டு வந்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமைப் பாதுகாப்பு விருதுகளில் மிக உயர்ந்த சிறப்பு விருது இதற்குக் கிடைத்தது.

அந்தப் பணத்தை யாரும் வீண் என்று சொல்லவில்லை. காரணம், எதற்குச் செலவு என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனாலும் நிலத்தின் கதை முடியவில்லை. அரங்கத்தை அடுத்த இடத்தில் நூறு மாடிக் கோபுரம் ஒன்றை பிஎன்பி கட்டும் என்று 2011-ம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்ட உரையில் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. இருந்தும் கோபுரம் எழுந்தது. 678.9 மீட்டர் உயரம் கொண்ட மெர்டேக்கா 118, 2024 ஜனவரியில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அதன் காலடியில் அரங்கம் ஒரு கிண்ணத்தைக் கவிழ்க்காமல் வைத்தது போல் சின்னதாகத் தெரிகிறது. ஒரு வகையில் இது நியாயமான ஏற்பாடு: கோபுரத்துக்குச் சொந்தக்காரரே அரங்கத்தையும் பேணுகிறார். இன்னொரு வகையில், பழைய அரங்கத்தின் விதி இன்னும் பக்கத்து நிலத்தின் விலையோடுதான் பின்னிக் கிடக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் கற்றுக்கொடுத்த வழி

நிலம் கொடுத்துக் கட்டிடம் வாங்கும் இந்த முறையைப் பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் வேறு எவரையும்விட நன்றாக அறிவார்கள். இலங்கைத் தமிழர்களும் இந்தியத் தமிழர்களும் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த பழைய ரயில்வே யார்டு 72 ஏக்கர். 1990-களில் எம்ஆர்சிபி தலைமையிலான கூட்டு நிறுவனத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது. நிலையத்தை அவர்கள் கட்டிக் கொடுத்தார்கள். சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்தும் உரிமை அவர்களுக்குப் போனது. 2001-ல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. நாட்டுக்கு ஒரு நல்ல ரயில் நிலையம் கிடைத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. யார்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த நிலம் இனி அந்நியம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அதே எம்ஆர்சிபிதான் 2015-ல் புக்கிட் ஜாலிலுக்கு வந்தது. அதன் துணை நிறுவனம் ஒன்று அரசாங்கத்துடன் ஒப்பந்தம் செய்தது. தேசிய விளையாட்டு வளாகத்தை சுமார் 1.6 பில்லியன் வெள்ளியில் மேம்படுத்துவது, ஈடாக அங்கேயே சுமார் 92 ஏக்கர் நிலத்தைப் பெறுவது என்பது ஏற்பாடு. 2017-ல் கோலாலம்பூரில் நடக்கவிருந்த சீ போட்டிகளுக்குள் முதல் கட்டம் முடிந்தது. புதிய இருக்கைகள், ஒளிரும் வெளிச்சுவர், மழையில் நனையாத நடைபாதைகள் என்று வளாகம் புதுப்பெண் போல் நின்றது. 1990-களில் நிலம் கொடுத்துக் கட்டிய வளாகம், இருபது ஆண்டுகளுக்குள் மறுபடியும் நிலம் கொடுத்துப் புதுப்பிக்கப்பட்டது.

பிறகு புல் பிரச்சினை வந்தது. பெரிய ஆட்டங்களில் திடல் பெயர்ந்து, மண் கிளம்பி, ஆட்டக்காரர்கள் வழுக்கி விழுந்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். 1.6 பில்லியன் வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2022-ல் புல்லை மாற்றுவதற்கென்று தனியாக சுமார் 10 மில்லியன் வெள்ளி ஒதுக்க வேண்டியதாயிற்று. சாதாரண மாட்டுப்புல்லை எடுத்துவிட்டு சோய்சியா ரகப் புல் போடப்பட்டது. அந்தப் பத்து மில்லியனைப் பற்றித்தான் நாடே பேசியது. 92 ஏக்கரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நில மாற்றின் உண்மையான ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அரங்கம் கட்ட நிலம் கொடுக்கலாம். கூரை போடவும் கொடுக்கலாம். வாரா வாரம் புல் வெட்டுகிறவனுக்கு நிலத்தைச் சீவிச் சீவிக் கொடுக்க முடியாது. அவனுக்கு மாதச் சம்பளம் வேண்டும். அந்தப் பணத்தை அரங்கமே சம்பாதிக்க வேண்டும். காற்பந்து ஆட்டங்களால் மட்டும் 87,000 இருக்கைகளை வருடம் முழுக்க நிரப்ப முடியாது என்பதால் இசை நிகழ்ச்சிகளுக்குக் கதவு திறக்கிறது. 2023-ல் மட்டும் ஏ. ஆர். ரஹ்மான், பிளாக்பிங்க், கோல்ட்பிளே என்று அடுத்தடுத்து வந்தார்கள். ரஹ்மானைக் கேட்க கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் புல்லைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள், நினைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மேடையைத் தாங்குவதும் அதே புல்தான்.

இருபத்தாறு ஆண்டு ஆயுள்

புக்கிட் ஜாலிலுக்காவது மறுபிறவி கிடைத்தது. ஷா ஆலம் அரங்கத்தின் கதை வேறு. சிலாங்கூர் மாநிலத்தின் பெருமையாக 1994-ல் திறக்கப்பட்டது. 80,000 பேர் அமரலாம். இரு பக்கமும் வானவில் போல் வளைந்த அதன் கூரையை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். கிள்ளான் ரசிகர்களுக்கு அது சொந்த வீடு. கிள்ளான் சுல்தான் சுலைமான் திடலில் பந்து உதைத்துப் பழகிய பையன்கள் கனவு கண்ட அரங்கம் அது. 2007 ஆசியக் கிண்ணப் போட்டியின் ஆட்டங்களும் அங்கே நடந்தன.

கட்டும்போது இருந்த உற்சாகம் பராமரிப்பில் இல்லை. கூரை பழுதானது, திடல் கெட்டது. 2020-ல் அரங்கம் மூடப்பட்டது. 26 ஆண்டுகள், ஒரு வீட்டுக்கடன்கூட சில சமயம் அதைவிட நீண்ட நாள் ஓடும். பழுதுபார்ப்பதைவிட இடித்துக் கட்டுவதே மேல் என்று மாநில அரசு முடிவெடுத்தது. இங்கேயும் எம்ஆர்சிபி, இங்கேயும் நிலத்துக்கு ஈடாக அரங்கம். 2024-ல் இடிக்கும் பணி தொடங்கியது. திட்டமிடப்பட்ட புதிய அரங்கத்தின் இருக்கைகள் 45,000. அது தவறில்லை. 80,000 இருக்கைகள் வைத்துக்கொண்டு 8,000 பேருக்கு ஆட்டம் காட்டிய நாட்களை நினைத்தால் 45,000-மே தாராளம்தான். 1957-ல் 20,000 இருக்கைகளோடு கட்டியவர்கள் ஏதோ கஞ்சத்தனத்தில் அப்படிச் செய்யவில்லை என்பதும் இப்போது புரிகிறது.

இந்தத் தலைவலி மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. 1976 ஒலிம்பிக்கிற்காக மாண்ட்ரியல் நகரம் கட்டிய அரங்கத்தின் கடன், 2006-ல்தான் அடைந்தது. முப்பது ஆண்டுகளாக அந்த மாநிலத்தில் புகைபிடித்தவர்கள் சிகரெட் வரி மூலம் அதைக் கட்டினார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ரோஜர் நோலும் ஆண்ட்ரூ சிம்பாலிஸ்டும் 1997-ல் தொகுத்து வெளியிட்ட ஆய்வு நூல், அரசாங்கப் பணத்தில் கட்டிய தொழில்முறை விளையாட்டரங்கங்கள் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி லாபம் தரவில்லை என்று காட்டியது. ஆனால் அந்த நாடுகளில் ஒரு வசதி உண்டு. பல நகரங்களில் அரங்கத்துக்கான தொகையை மக்கள் வாக்கெடுப்பில் வைப்பார்கள். தொகை இவ்வளவு என்று வாக்குச்சீட்டிலேயே இருக்கும்.

நமக்கு நெருக்கமான பாடம் காஸ்வேக்கு அப்பால் இருக்கிறது. 1973-ல் கட்டிய பழைய தேசிய அரங்கத்தை சிங்கப்பூர் 2007-ல் மூடியது. பிறகு அதை இடித்துவிட்டு, தனியாரோடு கூட்டுச் சேர்ந்து 2014-ல் ஸ்போர்ட்ஸ் ஹப்பைத் திறந்தது. நீண்டகால ஒப்பந்தம் அது. எதிர்பார்த்த அளவுக்கு நிகழ்ச்சிகள் வரவில்லை, சமூக அமைப்புகளுக்கு வாடகை கட்டவில்லை என்று குறைகள் எழுந்தன. 2022 டிசம்பரில் அரசாங்கமே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் திரும்பப் பெறும் வழி எழுதப்பட்டிருந்ததால் அது முடிந்தது. மெர்டேக்கா அரங்கத்தைத் திரும்பப் பெற நமக்கு ஒரு நிதி நெருக்கடி தேவைப்பட்டது.

நில மாற்றே கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. கையில் ரொக்கம் இல்லாத அரசாங்கம் வேறென்ன செய்யும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. கேட்க வேண்டியது வேறு. கொடுத்த ஏக்கருக்குச் சந்தை விலை என்ன? அதை யார் மதிப்பிட்டார்கள்? திறப்பு விழாவுக்குப் பிறகு இருபது ஆண்டுப் பராமரிப்பு யார் கையிலிருந்து வரும்? ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே இவற்றைப் பொதுவில் வைத்திருந்தால், ஷா ஆலமில் அந்த வளைவுகள் இன்றும் நின்றிருக்கக்கூடும்.

சிலாங்கூர் அணி இப்போது ஆடுவது கிளானா ஜெயாவில் உள்ள பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற அரங்கத்தில். 25,000 பேர் அமரலாம். ஆட்டம் இருக்கும் மாலைகளில் சிவப்பு மஞ்சள் சட்டை போட்ட கிள்ளான் ரசிகர்கள் கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் ஊர்ந்து, ஷா ஆலமைத் தாண்டி அங்கே போய்ச் சேருகிறார்கள்.